கேப் கிளியர் தீவு, ஃபாஸ்ட்நெட் கலங்கரை விளக்கம்: ஒரே நாளில் போய்வர முடியுமா?

கார்க்_காவேரி

எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். ஜூலை கடைசியில் ஒரு சனிக்கிழமை, அயர்லாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள பால்டிமோரிலிருந்து படகு பிடித்து கேப் கிளியர் தீவுக்குப் போகலாம் என்று யோசனை. அங்கே ஐரிஷ் பேசுகிறார்கள் என்று கேட்டதிலிருந்து மகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பள்ளியில் படிக்கும் பாடம் ஒரு ஊரில் பேச்சாக இருப்பதைப் பார்க்க வேண்டுமாம். அப்பா பொதுப்பணித்துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஃபாஸ்ட்நெட் விளக்கைப் பார்த்தே ஆக வேண்டும். நடுக்கடல் பாறையில் எப்படிக் கட்டினார்கள் என்று தினமும் கேட்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஏற முடியாது.

தீவு, விளக்கு இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? கடல் எப்படி இருக்கும்? சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மேற்குக்கரை

தாராளமாக முடியும். கோடைக்காலத்தில் இதற்கென்றே படகு விடுகிறார்கள். காலையில் பால்டிமோரிலிருந்து கிளம்பினால் முக்கால் மணி நேரத்துக்குள் தீவு. அங்கே சில மணி நேரம் சுற்றலாம். பிறகு அதே துறையிலிருந்து ஃபாஸ்ட்நெட் போய், பாறையைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டி வருவார்கள். பாறையில் இறக்கிவிட மாட்டார்கள், அதை இப்போதே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கல் துறையிலிருந்தும் கோடையில் படகு உண்டு. கார்க்கிலிருந்து வருபவர்களுக்கு பால்டிமோர்தான் வசதி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலரும் ஃபாஸ்ட்நெட் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், தீவில் இருக்கும் நேரத்தை மதுக்கடை வாசலில் கழித்துவிட்டுப் படகு ஏறுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஃபாஸ்ட்நெட்டின் கதை தீவிலேயே தொடங்குகிறது. தீவின் தென்பக்க மேட்டில் 1818இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் இடிந்து நிற்கிறது. அதைப் பார்த்த பிறகு பாறைக்குப் போனால், நடுக்கடலில் ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்று தானாகப் புரியும்.

அந்தப் பழைய விளக்கைத் தேவைக்கு மேல் உயரத்தில் வைத்துவிட்டார்கள். வெளிச்சம் கடல்மட்டத்திலிருந்து 450 அடிக்கும் மேலே. இந்தக் கரையில் மூடுபனியும் தாழ்ந்த மேகமும் சகஜம். கீழே கடல் தெளிவாக இருக்கும்போதே மேலே விளக்கு மேகத்துக்குள் போய்விடும். கப்பல்காரர்களுக்கு மிகவும் வேண்டிய இரவில்தான் அது தெரியாது.

1847 நவம்பர் 10 இரவு நடந்தது இது. நியூயார்க்கிலிருந்து லிவர்பூல் போன ஸ்டீபன் விட்னி என்ற கப்பல் பனியில் வழி தடுமாறியது. குரூக்ஹேவன் விளக்கைப் பார்த்து, அது கிழக்கே வெகுதூரத்தில் உள்ள கின்சேல் முனை விளக்கு என்று நினைத்துவிட்டார்கள். கேப் கிளியருக்கு வடக்கே இருக்கும் மேற்குக் காஃப் தீவில் கப்பல் மோதி உடைந்தது. 110 பேரில் 92 பேர் இறந்தார்கள். இனி இந்த உயரமான விளக்கை நம்ப முடியாது, பாறையிலேயே ஒன்று வேண்டும் என்ற முடிவு அதன் பிறகு வந்ததுதான்.

படகு தீவை நெருங்கும்போது வடக்கே காஃப் தீவுகள் தட்டையாகத் தெரியும். அப்பாவுக்குக் காட்டுங்கள்.

---

சிவா_டப்ளின்

எனக்கு வேறு கருத்து. போன கோடையில் குடும்பத்தோடு போனோம். தீவு அழகு, மறுக்கவில்லை. ஆனால் "ஐரிஷ் பேசும் தீவு" என்று குழந்தையிடம் பெரிதாகச் சொல்லி அழைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். துறையில் ஆங்கிலம், கடையில் ஆங்கிலம், படகிலும் ஆங்கிலம். பெயர்ப்பலகையில் மட்டும்தான் ஐரிஷ். மொத்தமே நூறு சொச்சம் பேர் இருக்கும் இடத்தில், கோடையில் வருபவர்கள் பாதிக்கு மேல் வெளியாட்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் ஃபாஸ்ட்நெட் சுற்றை விட்டுவிடுங்கள் என்பேன். தீவைத் தாண்டியதும் திறந்த அட்லாண்டிக். அலை தூக்கிப் போடும்.

---

நிலாஅம்மா

சிவா, நீங்கள் சொல்வது பாதி சரி. மீதியை நான் சொல்கிறேன். என் பையன் கார்க்கில் ஐரிஷ் வழிப் பள்ளியில் படிக்கிறான், அதனால் இது எங்கள் வீட்டில் அடிக்கடி பேசும் விஷயம்.

வெளியாள் என்று தெரிந்ததும் அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். அது மரியாதையால். இவருக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்ற எண்ணம். நாமே ஒரு வார்த்தை ஐரிஷில் தொடங்கினால் அப்படியே நிலைமை மாறுகிறது. கடையில் என் பையன் "தியா க்விட்" என்று வணக்கம் சொன்னான். அங்கிருந்த அம்மா உடனே ஐரிஷிலேயே பதில் சொல்லி, பெயர் என்ன, எந்தப் பள்ளி என்று மெதுவாக, அவனுக்குப் புரியும் வேகத்தில் கேட்டார். அவனும் திக்கித் திக்கிப் பதில் சொன்னான். அதற்குப் பிறகு அவனை வீட்டில் ஐரிஷ் படி என்று நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மொழி அங்கே கஷ்டத்தில் இருக்கிறது என்பது உண்மை. அயர்லாந்து முழுவதையும் எடுத்துக்கொண்டால், அரசு ஐரிஷ் பேசும் பகுதி என்று அறிவித்த இடங்களில், பள்ளிக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுபவர்கள் 2022 கணக்கெடுப்பில் 20,000 பேர் அளவுக்குத்தான் இருந்தார்கள். கேப் கிளியரில் 1840களின் பெரும் பஞ்சத்துக்கு முன் ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். இப்போது நூறு சொச்சம். ஆள் குறைந்தால் மொழி எங்கே நிற்கும்? அந்த நூறு பேர் ஒரு பள்ளியை நடத்துகிறார்கள், கூட்டுறவு சங்கத்தை ஐரிஷில் நடத்துகிறார்கள், கோடையில் நாடு முழுவதிலுமிருந்து ஐரிஷ் படிக்க வரும் மாணவர்களைத் தங்கவைக்கிறார்கள். எனக்கு இது பெரிய காரியம். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குக் குழந்தையை இழுத்துக்கொண்டு போகும் நமக்கு இது புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

காவேரி, மகளுக்கு இரண்டு மூன்று வார்த்தை சொல்லிக்கொடுத்துக் கூட்டிப் போங்கள். நன்றிக்கு "கொ ரெவ் மா அகத்". தெற்குப் பக்கத்து உச்சரிப்பு இது, பள்ளியில் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருக்கலாம். தவறாகச் சொன்னாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஜூலையில் போனால் கோடைக் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ரோட்டில் ஐரிஷ் பேசிக்கொண்டு போவதையும் பார்க்கலாம்.

---

சிவா_டப்ளின்

நிலா அக்கா, நாங்கள் யாரும் ஐரிஷில் பேச்சைத் தொடங்கவில்லை என்பது நிஜம். சரி, அந்தப் பக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கடல் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. வயதானவர்களுக்கு ஃபாஸ்ட்நெட் வேண்டாம்.

---

லெட்டர்கெனி_ராஜன்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கலங்கரை விளக்கை நடந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றால் வடமேற்கே எங்கள் டோனிகாலில் டோரி தீவு இருக்கிறது. அதுவும் ஐரிஷ் தீவுதான், நிஜமாகவே தினசரி ஐரிஷ். மஹெரோர்ட்டி துறையிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். மேற்கு முனையில் கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோபுரம், 1832இல் ஏற்றிய விளக்கு. தீவு தட்டை, ரோடு தட்டை, முழங்கால்காரர்களும் கொஞ்ச தூரம் போகலாம். 1884இல் வாஸ்ப் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அந்த விளக்குக்குக் கீழேயே பாறையில் மோதி 52 பேர் இறந்தார்கள்.

தீவுக்கு ஒரு ராஜா இருக்கும் வழக்கமும் உண்டு. கடைசி ராஜா பாட்சி டான் ராஜர்ஸ், ஓவியர். துறைக்கே வந்து ஒவ்வொரு பயணியையும் கை குலுக்கி வரவேற்பார். 2018இல் காலமானார்.

கார்க்கிலிருந்து ஒரு நாளில் முடியாது, தெரியும். டோனிகால் பக்கம் வந்தால் மறக்காமல் போங்கள்.

---

மேற்குக்கரை

ராஜன், டோரி விளக்கைக் கட்டிய அதே ஜார்ஜ் ஹால்பின்தான் ஃபாஸ்ட்நெட்டின் முதல் கோபுரத்தையும் வடிவமைத்தார். அங்கிருந்தே காவேரியின் அப்பாவுக்கு விஷயத்தைத் தொடங்குகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஹால்பின் ஃபாஸ்ட்நெட்டில் வைத்தது வார்ப்பிரும்புக் கோபுரம். தகடு தகடாக வார்த்து, பாறை உச்சிக்கு ஏற்றி, போல்ட் போட்டு இணைத்தார்கள். 1853இல் வேலை, 1854 ஜனவரி 1 அன்று விளக்கு ஏற்றினார்கள். ஏற்றிய சில வருடங்களிலேயே கவலை தொடங்கிவிட்டது. பெரிய அலை அடித்தால் கோபுரமே அதிரும், உள்ளே பாத்திரங்கள் உருளும். அடியில் இன்னொரு இரும்பு உறை போட்டு, இடையில் கல்லை நிரப்பிப் பலப்படுத்தினார்கள்.

1881 நவம்பரில் ஒரு புயல். மேற்கே டர்சி தீவுக்கு அருகில் காஃப் ராக் என்ற பாறையில் இதே மாதிரி ஒரு இரும்புக் கோபுரம் இருந்தது. (மேலே சொன்ன காஃப் தீவுகள் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதன் மேல்பகுதி முறிந்து கடலுக்குள் போய்விட்டது. பாறையில் மாட்டிக்கொண்ட விளக்குக் காவலர்களைப் பல நாள் கழித்தே மீட்க முடிந்தது. அதே புயலில் ஃபாஸ்ட்நெட்டின் விளக்கறைக் கண்ணாடியும் அலையில் உடைந்தது. அவ்வளவுதான், இரும்பை நம்புவது முடிந்தது. புதிதாகக் கருங்கல்லில் கட்ட 1891இல் முடிவெடுத்தார்கள்.

வடிவமைத்தவர் வில்லியம் டக்ளஸ். அவர் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இடம் தேர்ந்ததுதான். பழைய கோபுரம் பாறையின் உச்சியில் இருந்தது. உயரத்தில் இருந்தால் பாதுகாப்பு என்று நமக்குத் தோன்றும். டக்ளஸ் புதிய கோபுரத்தைக் கீழே, பாறையின் மேற்கு முகத்தில், அதாவது அலை வந்து மோதும் பக்கத்திலேயே, கடல்மட்டத்தை ஒட்டித் தொடங்கினார். அலை முழு உயரத்துக்கு எழும்புவதற்கு முன்பே கோபுரத்தின் அடிப்பகுதியில் மோதும். அடிப்பகுதி 16 மீட்டர் விட்டம் கொண்டது, உள்ளே வெற்றிடமே இல்லாத கல். கோபுரத்தில் எந்த இடம் வலுவோ அங்கே அடி வாங்கச் செய்திருக்கிறார்.

கல் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்தது. ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோடும் மேல் கீழ் வரிசைகளோடும் கவ்விக்கொள்ளும்படி, தச்சர்கள் மரத்தில் போடும் டவ்டெயில் மூட்டு மாதிரி செதுக்கினார்கள். ஒரு கல்லை மட்டும் தனியாக வெளியே இழுக்க முடியாது. பென்ரின் ஊரில் முதலில் வரிசைகளை அடுக்கிப் பார்த்து, சரியாகப் பொருந்துகிறதா என்று சோதித்து, பிரித்து, எண் போட்டு, கப்பலில் அனுப்பினார்கள். மொத்தம் 89 வரிசை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள், 4,300 டன் எடை. பாறைக்குக் கொண்டுவர ஐயெர்ன் என்ற நீராவிக் கப்பலைத் தனியாகக் கட்டினார்கள். கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் மட்டும்தான் கல் இறக்க முடியும், அதனால்தான் அத்தனை வருடம் ஆனது.

மேஸ்திரி ஜேம்ஸ் கவனா. 1896இலிருந்து பெரும்பாலும் பாறையிலேயே தங்கியிருந்தார். ஒவ்வொரு கல்லும் அவர் கையால்தான் உட்கார்ந்தது என்று பதிவாகியிருக்கிறது. கல் வேலை முடிந்த 1903ஆம் ஆண்டிலேயே நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். 1904 ஜூன் 27 அன்று விளக்கு எரிந்ததை அவர் பார்க்கவில்லை. அந்தக் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் டக்ளஸை விட இவரைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

படகு சுற்றும்போது பாறை உச்சியில் ஒரு கறுத்த, கட்டையான உருளை தெரியும். ஏதோ தொட்டி என்று நினைத்துவிடுவார்கள். அது ஹால்பினின் இரும்புக் கோபுரத்தின் அடிப்பகுதி. மேலே இருந்ததைப் பிரித்துவிட்டு அதை எண்ணெய் சேமிக்க வைத்துக்கொண்டார்கள். இரண்டு கோபுரத்தையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பழையது உச்சியில் குட்டையாக, புதியது அதற்குக் கீழிருந்து எழுந்து அதைத் தாண்டி மேலே.

1989இல் காவலர்கள் கடைசியாக வெளியேறினார்கள். அதிலிருந்து எல்லாம் தானியங்கி.

---

கார்க்_காவேரி

மேற்குக்கரை அண்ணா, அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அவருடைய கேள்வி: இரும்பு உறை போட்டுப் பலப்படுத்திய பிறகும் ஏன் அதிர்ந்தது? பாறையே பலவீனமாக இருந்ததா?

அம்மா தீவில் என்ன செய்வார் என்றும் யாராவது சொல்லுங்கள். நாங்கள் பழைய விளக்குக்கு ஏறினால் அவர் தனியாக உட்கார வேண்டியிருக்குமே.

---

மேற்குக்கரை

அப்பா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். பாறையிலும் கவலை இருந்தது. கோபுரத்தைச் சுற்றிப் பாறையின் துண்டுகள் அலையில் பெயர்ந்து போய்க்கொண்டிருந்தன. அந்தப் பள்ளங்களையும் அடைக்க வேண்டியிருந்தது. புதிய கோபுரத்தின் கீழ்வரிசைகளைப் பாறையைப் படிப்படியாக வெட்டி, அதற்குள்ளேயே பதித்துக் கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்மாவுக்குத் துறையிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. படகு நிற்கும் வடக்குத் துறைக்குப் பக்கத்தில் 12ஆம் நூற்றாண்டு தேவாலயத்தின் இடிபாடு, சுற்றிலும் கல்லறைகள். கீழே புனித கீரானின் கிணறு. இந்தத் தீவில்தான் கீரான் பிறந்தார் என்பது ஊர் நம்பிக்கை. மார்ச் 5 அவருடைய திருநாள். இதெல்லாம் ஏறாமல் பார்க்கக்கூடியவை. அங்கிருந்து தெற்குத் துறைக்குத் தீவின் இடுப்பு மாதிரி ஒரு குறுகிய பகுதி வழியாகப் போகலாம், தூரம் குறைவு. மெதுவாக நடந்தால் அவருக்கு முடியும் என்று நினைக்கிறேன். மற்ற ரோடுகள் எல்லாம் செங்குத்து, அதில் சந்தேகமே வேண்டாம்.

துறைக்கு அருகே 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல்லும் உண்டு. அப்போது அது இங்கிலாந்திலிருந்து கிளம்பி இந்தப் பாறையைச் சுற்றி இங்கிலாந்துக்கே திரும்பும் போட்டி. அந்த ஆகஸ்டில் 303 படகுகள் கிளம்பின, புயலில் 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். கோடையின் நடுவில் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

---

பறவைநேசன்

கடல் பற்றி நான் சொல்கிறேன், பறவை பார்க்க அடிக்கடி அந்தப் பக்கம் போகிறவன். சிவாவின் எச்சரிக்கை நியாயமானது, ஆனால் வயது ஒரு கணக்கே இல்லை. காற்றும் அலையின் நீளமும்தான் கணக்கு. முந்தின நாள் மேற்கிலிருந்து பலத்த காற்று அடித்திருந்தால், மறுநாள் வெயில் அடித்தாலும் கடலில் நீண்ட உருளலை இருக்கும். வயிற்றைப் புரட்டுவது அதுதான். இரண்டு மூன்று நாள் காற்றில்லாமல் இருந்தால் எழுபது வயதுக்காரர்களும் நிம்மதியாகப் போய்வரலாம். வாந்தி மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. பின்பக்கம், வெளியில், அடிவானத்தைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள்.

தீவுக்கும் பாறைக்கும் நடுவில் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். வெள்ளை உடம்பும் கறுப்பு இறக்கை நுனியுமாகப் பெரிய பறவை ஒன்று உயரத்திலிருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு ஈட்டி மாதிரி தண்ணீருக்குள் பாயும், அது கேனட். அலையை உரசிக்கொண்டு விறைத்த இறக்கையோடு போவது ஷியர்வாட்டர். கேனட்டுகள் ஒரே இடத்தில் கூட்டமாகப் பாய்ந்தால் கீழே மீன் கூட்டம், பெரும்பாலும் டால்ஃபின்களும் அங்கேயே இருக்கும். மின்கி திமிங்கிலமும் கோடையில் தென்படும். முதுகு மட்டும் ஒரு தடவை எழும்பி மறையும், அவசரமாகக் கேமராவைத் தேடினால் பார்க்கவும் முடியாது, படமும் கிடைக்காது.

1959இலிருந்து தீவில் ஒரு பறவை ஆய்வகம் இயங்குகிறது, வடக்குத் துறையிலேயே. அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து புயலில் அடித்துவரப்பட்ட சிறு பறவைகளும் சைபீரியப் பறவைகளும் ஒரே வேலியில் உட்காரும் இடம் ஐரோப்பாவில் அபூர்வம். ஜூலையில் அது இல்லை, ஆனால் கடல்பறவைகளுக்கு ஜூலை நல்ல மாதம்.

---

நிலாஅம்மா

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. கையில் கட்டிக்கொண்டு போய்விடுங்கள். புளியோதரை, வாழைப்பழம், ஃபிளாஸ்க்கில் டீ. தெற்குத் துறைப் பக்கம் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட அருமையான இடம். படகுக்கு முன் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள், தீவிலிருந்து ஒவ்வொரு பையும் படகில்தான் வெளியேற வேண்டும்.

இன்னொன்று. தீவின் கிழக்குப் பக்கம் பழங்காலத்தில் நட்டுவைத்த கற்கள் சில உண்டு. அதில் ஒன்றில் துளை இருக்கிறது. கல்யாணம் செய்யப்போகிறவர்கள் இரண்டு பக்கமும் நின்று துளை வழியாகக் கை கோத்து வாக்குக் கொடுப்பார்களாம். நேரம் இருந்தால் மட்டும், ஏனென்றால் அது தூரம்.

---

சிவா_டப்ளின்

பறவைநேசன் சொன்னதைப் படித்ததும் விளங்குகிறது, நாங்கள் போனதற்கு முந்தின நாள் பலத்த காற்று. வீட்டில் இன்னும் பாறையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். செப்டம்பர் முதல் வார இறுதியில் தீவில் கதைசொல்லும் விழா நடக்கிறதாமே, அப்போது போனால் ஐரிஷில் கதை கேட்க முடியுமா?

---

நிலாஅம்மா

முடியும். 1994இலிருந்து நடக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஐரிஷிலும் சில அமர்வுகள். அந்த வார இறுதிக்குத் தங்குமிடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே பாருங்கள்.

---

கார்க்_காவேரி

எல்லோருக்கும் மிக்க நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறோம். காலை முதல் படகு. தீவில் இறங்கியதும் அப்பாவும் நானும் பழைய விளக்குக்கு, அம்மாவும் மகளும் கீரான் கிணற்றுக்கும் கடைக்கும். அம்மாவுக்கும் "தியா க்விட்" சொல்லிக்கொடுத்துவிட்டாள். மதியம் தெற்குத் துறையில் சாப்பாடு. அப்புறம் கடல் நன்றாக இருந்தால் நால்வரும் பாறைக்கு, இல்லையென்றால் அம்மா தவிர மூவர்.

கடைசியாக ஒன்று: படகு ரத்தானால் எப்போது தெரியும்?

---

மேற்குக்கரை

பெரும்பாலும் அன்று காலையில்தான் இறுதி முடிவு. முன்பதிவு செய்யும்போது கைபேசி எண்ணைக் கொடுங்கள், கார்க்கிலிருந்து கிளம்பும் முன் ஒரு தடவை அழைத்துக் கேளுங்கள். தீவுப் படகு ஓடும், பாறைச் சுற்று மட்டும் ரத்தாகும் நாட்களும் உண்டு. அப்படி ஆனாலும் கிளம்பிவிடுங்கள். மேட்டில் ஏறித் தென்மேற்கே பார்த்தால் ஆறரை கிலோமீட்டர் தூரத்தில் ஃபாஸ்ட்நெட் தெரியும், அப்பாவுக்கு ஒரு பைனாகுலர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விளக்குக்குப் போகும் பாதையைத் துறையில் விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். சில இடங்களில் ஆடு மாடு மேயும் நிலம், கேட்டைத் திறந்தால் திரும்ப மூடிவிட வேண்டும்.